சிரட்டைத் தவளை

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. அந்த இரும்புக் கதவு பொல்லாதது. கப்பல் ஒரு பக்கமாச் சாஞ்சா தானாவே வந்து அடிச்சுக்கும். விரல் கிரல் இடையில மாட்டுச்சுன்னா எடுத்துரும். ஆங், அப்படி உக்காருங்க. தேங்காச் சிரட்டையைப் பாத்துப் பிடிங்க. என் பொண்டாட்டி துண்டைச் சும்மாடு மாதிரி சுத்தி உங்க மடியில வச்சுட்டுப் போயிருக்கா பாருங்க, அதுக்கு நடுவுல இருந்தா ஆடாது.

உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நியாயத்தை நீங்களே சொல்லுங்க. கட்டின புருசன் நான் குத்துக்கல்லாட்டம் இங்க உக்காந்திருக்கேன். அவளுக்குக் கப்பல் ஒத்துக்கல, வாந்தி வருது, கீழ போய்ப் படுக்கணும். சரி, படுக்கட்டும். கையில இருக்குற சிரட்டையை யாருகிட்ட குடுக்கணும்? நீங்க வழியில ஏறின ஆளு. பேரு தெரியாது, ஊரு தெரியாது. உங்ககிட்ட வந்து, தம்பி, நான் வர்ற வரைக்கும் இதை மடியிலயே வச்சிருங்க, வேற யாருகிட்டயும் குடுத்துராதீங்கன்னு சொல்லிட்டுப் போறா. வேற யாருங்கிறா? இந்தப் பக்கம் வேற யாரு இருக்கா? நான் ஒருத்தன்தானே இருக்கேன்.

அவ பேரு தைலம்மா. என் பேரு ராக்கப்பன். எங்க தீவுல வந்து ராக்கப்பன் எப்படிப்பட்ட ஆளுன்னு யாரை வேணும்னாலும் கேளுங்க. கோவக்காரன்னு ஒருத்தன் சொல்லட்டும், சொன்னவன் வாயைக் கிழிச்சுர்றேன். நான் கோவக்காரன் இல்ல. வேலையில சுத்தம் பாக்குறவன், அவ்வளவுதான்.

அதுக்குள்ள என்ன இருக்குன்னு சொன்னாளா? சொல்லியிருக்கமாட்டா. மேல கட்டியிருக்குற துணியை லேசாத் தளத்திப் பாருங்க. அதுகளுக்கும் காத்து வேணும்ல. தெரியுதா? கருப்பா, மிளகுக்கு வால் முளைச்ச மாதிரி. தலைப்பிரட்டைதான். தவளைக் குஞ்சு. சிரிக்காதீங்க. உலகத்துலயே இந்தத் தவளை எங்க தீவுல மட்டும்தான் இருக்கு. எங்க தீவுலயும் இப்ப இந்த ஒரு சிரட்டையில மட்டும்தான் இருக்கு. பெருசு ஒண்ணு ரெண்டு எங்கயாவது மரப்பட்டையில ஒட்டிக்கிட்டு இருக்கலாம். ஆனா சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு. போர்ட் பிளேர்ல தவளை மேடம் காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க கையில இதைச் சேத்துட்டா, தொட்டியில வச்சு வளத்து, வம்சத்தை மீட்டுருவாங்களாம். அதுக்குத்தான் போறா.

நான் எதுக்குப் போறேன்னு கேக்குறீங்களா? என் மச்சினன் அங்க ஆஸ்பத்திரியில கெடக்கான். அவன் வாயில இருந்து எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேணும். 'நான்தான் கவுத்தேன்'னு சொல்லிட்டான்னா போதும், மன்னிச்சுருவேன். நமக்கு வன்மம் எல்லாம் கெடையாது.

நாங்க பால்வெட்டுக்காரங்க தம்பி. ரப்பர்ப் பால். எங்கப்பா இலங்கையில ரப்பர்த் தோட்டத்துல இருந்தவரு. பிறகு உங்க நாட்டுக்குப் போங்கடான்னு கப்பல் ஏத்திவிட்டாங்க. மண்டபம் கேம்ப்ல கொஞ்ச காலம் கெடந்தோம். அப்புறம், தீவுல புதுசா ரப்பர் போடுறாங்க, தெரிஞ்ச கை வேணும்னு சொல்லி இங்க கொண்டாந்து விட்டாங்க. எனக்கு அப்ப மீசை கூட அரும்பல. இங்க இருந்த பெரிய பெரிய மரத்தை எல்லாம் சாச்சுட்டு ரப்பர் நட்டது எங்க ஆளுங்கதான். அந்தப் பெரிய மரத்துப் பொந்துல தண்ணி தேங்கி நிக்கும். இந்தத் தவளை அந்தத் தண்ணியிலதான் முட்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கு. மரம் போச்சு, பொந்தும் போச்சு. அது எங்களுக்கு எப்படித் தெரியும்? சொன்னாத்தானே தெரியும்.

பால்வெட்டுல முக்கியம் என்னன்னு நினைக்கிறீங்க? வெட்டுறதுன்னு நினைப்பீங்க. அது இல்ல. சிரட்டை. மரத்துல ஒரு கம்பி வளையம் கட்டி அதுல சிரட்டையை வச்சிருப்போம், பால் வடியிறதுக்கு. பாலை எடுத்து வாளியில ஊத்துனதும் சிரட்டையைக் கவுத்து வச்சுரணும். நிமிந்து இருந்தா மழைத்தண்ணி நிறைஞ்சுரும், சருகு விழும், மறுநாள் பாலு கெட்டுப்போகும். மழை கருத்துச்சுன்னா சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சு ஓடணும். எல்லா மரத்துலயும் கவுத்துட்டுத்தான் மறுசோறு.

எங்கப்பா அங்க இலங்கையில ஒரு நாள் ஒரே ஒரு மரத்துல மறந்துட்டாரு. ஒரு சிரட்டை. கங்காணி பாத்துட்டான். காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துல எல்லாரும் வரிசையா நிக்கிறப்ப எங்கப்பாவை முன்னால கூப்பிட்டு, கையை நீட்டுடான்னான். எங்கப்பா நீட்டுனாரு. வெட்டுக்கத்தியோட முதுகால அடிச்சான் பாருங்க, எலும்பு நொறுங்குற சத்தம் கடைசி வரிசையில எங்கம்மா இடுப்புல இருந்த எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் எங்கப்பாவுக்கு அந்தக் கையில விரல் மடங்கவே இல்ல. சாகுற வரைக்கும் இடது கையாலதான் சாப்பிட்டாரு.

எனக்கு வேலை கத்துக்குடுத்தது அந்தக் கைதான். ஒரு சிரட்டை நிமிந்து இருந்தா, கையை நீட்டுடாம்பாரு. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் தம்பி. அப்படி அடிச்சு வளத்த கை இது. தூக்கத்துல எழுப்பிவிட்டாலும் கவுக்கும். எங்க வீட்டுல ஒரு டம்ளர், ஒரு செம்பு நிமிந்து நிக்காது. தைலம்மா எனக்குக் குடிக்கத் தண்ணி வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்புவா, இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா தண்ணி தரையில ஓடும், டம்ளர் கவுந்து கெடக்கும். என்னைத்தான் பாப்பா. எங்க வீட்டுல ஒரு பூனை உண்டு, அது பண்ற வேலை.

அடடா, உங்க டீயும் கொட்டிருச்சு போலருக்கே. பாதிகூடக் குடிக்கல நீங்க. காத்துதான். இந்தப் பேப்பர் கப்பு ஒரு காத்துக்குத் தாங்காது. சரி விடுங்க, கவுந்தது கவுந்தபடியே இருக்கட்டும், பறக்காது.

எஸ்டேட்டை மூடிட்டாங்க. பாலுக்கு விலை இல்ல, மரத்துக்கும் வயசாயிருச்சு. பாதிப் பேரு போர்ட் பிளேருக்கும் திருப்பூருக்கும் போயிட்டாங்க. நாங்க சில குடும்பம் எஸ்டேட்டு லயத்து வீட்டுலயே கெடந்தோம். போட்டது போட்டபடி போனதுல, ஓடைக்கு மேல இருக்குற ரப்பர்க் காட்டுல சிரட்டை எல்லாம் வளையத்துல நிமிந்தபடியே நின்னு போச்சு. வேற எல்லாக் காட்டுலயும் கவுத்துட்டுத்தான் போனோம். அந்த ஒரு காட்டுக்காரன் சோம்பேறி. அவனைச் சொல்லணும். அதுல மழைத்தண்ணி தேங்க, பொந்து இல்லாத தவளை எல்லாம் அதுல வந்து முட்டை போட்டிருக்கு.

இதைக் கண்டுபிடிச்சது தவளை மேடம். மெயின்லாண்டுல இருந்து வந்த சின்ன வயசுப் பொண்ணு. மழையில நனைஞ்சுக்கிட்டே மரம் மரமாப் போய் எட்டிப் பாக்கும். எங்களுக்கு அது சிரட்டைத் தவளை. கட்டைவிரல் நகம் தண்டி இருக்கும், பட்டையில ஒட்டிக்கிட்டா மரம் எது தவளை எதுன்னு தெரியாது. மழை விழுந்தா, விரல் முட்டியால வெறும் சிரட்டையைத் தட்டுனாப்புல டொக்கு டொக்குன்னு சத்தம் குடுக்கும். அம்புட்டுதான் எங்களுக்குத் தெரியும். மேடம் எங்களை எல்லாம் உக்கார வச்சு, இது வேற எங்கயும் கெடையாது, இந்தக் காட்டுல இருக்குறது செத்துட்டா உலகத்துல இருந்தே போயிரும்னு சொன்னாங்க. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு தம்பி. அங்கயும் போ, இங்கயும் போன்னு விரட்டி விரட்டிக் கடைசியில ஒரு பழைய சிரட்டையில வந்து ஒண்டியிருக்கு. நம்ம சாதிசனம் மாதிரி இருக்கேன்னு நினைச்சேன்.

காவலுக்கு ஆள் வேணும்னாங்க. நான் வர்றேன்னேன். தொப்பி குடுத்தாங்க, விசில் குடுத்தாங்க. கம்பு நானே வெட்டிக்கிட்டேன். யாரும் உள்ள வரக்கூடாது, மரத்தைத் தொடக்கூடாது, சிரட்டையைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சொன்னா ராக்கப்பன் அதுல நிப்பான்.

லோகநாதன்னு ஒருத்தன் விறகு பொறுக்க வந்தான். விசில் ஊதுனேன், கேக்கல. முன்பல்லு ரெண்டும் போச்சு. அதுக்கப்புறம் வரல பாருங்க, அடியாத மாடு படியாது. ஒருத்தி ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்தா. அவளை ஒண்ணும் பண்ணல, பொம்பளை மேல கை வைக்கமாட்டேன். ஆட்டுக்குத்தான் முன்னங்காலு போச்சு. பாம்பு தவளையைத் தின்னும்ல, கண்ட பாம்பை எல்லாம் வெட்டி மேடம் வர்ற பாதையில தொங்கவிட்டேன், பாத்து சந்தோசப்படட்டும்னு. அந்தப் பொண்ணு பாத்துட்டு அழுதுருச்சு. பாம்பையும் கொல்லக்கூடாதாம். படிச்சவங்களுக்கு எதைக் காக்கணும், எதை வெட்டணும்னு ஒரு முடிவு இருக்காது.

அப்பத்தான் அந்த அநியாயம் ஆரம்பிச்சுச்சு. ஒரு நாள் நல்ல மழை. மறுநாள் மேடம் போய்ப் பாத்தா ஒரு வரிசை முழுக்கச் சிரட்டை கவுந்து கெடக்கு. உள்ள இருந்த முட்டை, குஞ்சு, எல்லாம் மண்ணோட மண்ணு. எறும்பு இழுத்துக்கிட்டுப் போகுது. மேடம் அப்படியே சேத்துல உக்காந்துட்டாங்க. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். மறுபடி நிமித்தி வச்சோம். மறுபடி தவளை வந்து முட்டை போட்டுச்சு. மறுபடி மழை, மறுபடி கவுந்து கெடக்கு. எப்பவும் மழை நாள்தான். அதுவும் நான் காட்டுக்குள்ள இருக்கும்போதே. மழை கருத்ததும் முதல் ஆளா நான்தான் உள்ள போவேன், ஒரு மரம் விடாம எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்துட்டுத்தான் வருவேன். எனக்குப் பின்னாடியே வந்து என் கண்ணுல மண்ணைத் தூவிட்டுச் செஞ்சுட்டுப் போறான். எப்பேர்ப்பட்ட கள்ளனா இருப்பான் பாருங்க.

மேடம் மரத்துல கேமரா கட்டுறேன்னாங்க. நான் ஒருத்தன் உசுரோட நிக்கும்போது கேமரா எதுக்கு? அது என்னை நம்பலைன்னுதானே அர்த்தம். கட்டுனாங்க. மறுநாள் அது ஓடையில கெடந்துச்சு. என் கம்பு பட்டு விழுந்துருச்சுன்னு சொல்லிட்டேன்.

ஆனா ஒண்ணு எனக்குப் புரிஞ்சுபோச்சு. கவுத்தவன் வெளியாள் இல்ல. வெளியாளா இருந்தா தட்டிவிட்டுட்டுப் போவான், சிரட்டை கீழ கெடக்கும். இது அப்படி இல்ல. வளையத்து மேலேயே அழகாச் சாச்சு, வாய் மரத்தைப் பாத்தாப்புல, சொட்டுத் தண்ணி தங்காம கவுத்திருக்கு. பால்வெட்டுக்காரன் கைதான் அதைச் செய்யும். அதுவும் நல்ல கை. பாத்தா எனக்கே ஒரு நிமிசம் திருப்தியா இருக்கும், அவ்வளவு சுத்தம். எங்க லயத்துல அப்படிக் கை உள்ள ஆளு ரெண்டே பேரு. நான் ஒண்ணு. தைலம்மாவோட தம்பி வடமலை ஒண்ணு. நான் கவுக்கல. அப்ப யாரு?

வடமலை ஏற்கெனவே வாய் விட்டவன். எங்கப்பன் ஆத்தா செத்து இந்த மண்ணுல கெடக்காங்க, எனக்கு ஒரு துண்டு நிலத்துக்குப் பட்டா இல்ல, தவளைக்குக் காட்டை எழுதி வைக்கிறாங்களேன்னு டீக்கடையில பேசினவன். அந்த மரத்தை வெட்டி விக்கணும்னு அவனுக்கு ஆசை. நான் தைலம்மாகிட்ட, உன் தம்பிதாண்டி கள்ளன்னேன். அவன் அப்படிச் செய்யமாட்டான்னா. ஒரு தட்டு தட்டினேன். அதைப் போய் அடின்னு சொல்லமுடியாது, கம்மல் கழண்டு விழுந்துச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் கையும் களவுமா மாட்டுனான். மத்தியானம் மழை பிடிச்சுச்சு. நான் வழக்கம்போல ஒரு சுத்து முடிச்சுட்டு ஓடையைத் தாண்டுனவன், விசிலை மறந்துட்டேன்னு திரும்பிப் போறேன். அங்க நிக்கிறான் வடமலை. மழையில தொப்பலா நனைஞ்சுபோய், மரத்துல கை வச்சுக்கிட்டு, சிரட்டையைப் பிடிச்சுக்கிட்டு. என்னடா பண்றேன்னேன். மொகம் வெளுத்துப்போச்சு.

'நிமித்தி வைக்கிறேன் மச்சான்'னான்.

சுத்தி முத்திப் பாக்குறேன், அந்த வரிசையில பாதி நிமிந்திருக்கு, பாதி கவுந்திருக்கு. கவுத்துக்கிட்டு வந்தவன் பாதியில மாட்டிக்கிட்டான். யாரு கவுத்ததைடா நிமித்துறேன்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே அடிச்சேன். கம்பு ஒடிஞ்சுச்சு. மறுபடி கேட்டேன். வாயில ரத்தத்தோட சொல்றான், 'மழை பேயுற அன்னைக்கெல்லாம் வந்து நிமித்திக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான். கவுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். அதை என் வாயால சொல்லமாட்டேன்.'

சொல்லமாட்டேங்கிறான். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தீங்களா.

காட்டுக்குக் கீழ பழைய பால் கொட்டகை இருக்கு. உறைஞ்ச பாலை ஷீட்டா அமுக்குற ரோலர் மிஷின் அங்க இன்னும் நிக்குது. ரெண்டு இரும்பு உருளை, கையால சுத்துற பிடி. சட்டையைப் பிடிச்சு அங்க இழுத்துக்கிட்டுப் போனேன். கூரையில மழை கொட்டுது. நான் கோவத்துல இல்ல தம்பி. நிதானமாத்தான் கேட்டேன். யாரு கவுத்தது? சொல்லமாட்டேன். யாரு கவுத்தது? சொல்லமாட்டேன். சரி, கையை நீட்டுடான்னேன்.

நீட்டுனான். அதுதான் எனக்கு இன்னும் புரியல. என்னை விட இளையவன், பலசாலி, தள்ளிவிட்டுட்டு ஓடியிருக்கலாம். என் மொகத்தையே பாத்துக்கிட்டு, சின்னப் புள்ளைய பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு, வலது கையை நீட்டுனான். உருளைக்கு நடுவுல வச்சு ஒரு சுத்து சுத்துனேன். ஒரே ஒரு சுத்து. துருப்பிடிச்ச மிஷினு, முழுசாச் சுத்தவும் இல்ல. முழங்கைக்குக் கீழ வரைக்கும்தான் போச்சு. அவன் கத்தவே இல்ல. அக்கான்னு ஒரு தடவை சொன்னான். அப்புறம் பிடியைத் திருப்பிச் சுத்தி எடுக்குறதுக்குள்ள எனக்குத்தான் வேர்த்துப்போச்சு.

மறுகப்பல்ல போர்ட் பிளேருக்குக் கொண்டு போனாங்க. போலீஸ் கேட்டதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? பழைய மிஷினைச் சுத்திப் பாத்தேன், கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிட்டான். என் பேரைச் சொல்லல. ஏன் சொல்லல? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். சொன்னா, ராக்கப்பன் எதுக்கு அடிச்சான்னு வரும். அடிச்சதுக்குக் காரணம் கேட்டா இவன் கவுத்த கதை வெளிய வரும். அதான் அமுக்கிட்டான். இப்ப அந்தக் கையை எடுக்கணும்னு டாக்டருங்க சொல்றாங்களாம். நல்ல பால்வெட்டுக் கை. எனக்கும் வருத்தம்தான். யாரு இல்லைன்னா?

இதுல கொடுமை என்னன்னா, அவன் ஆஸ்பத்திரியில கெடக்கும்போதும் சிரட்டை கவுந்துச்சு. நம்பமாட்டீங்க. மழை வந்துச்சு, நான் ஒரு சுத்து போய்ட்டு வந்தேன், மறுநாள் எல்லாம் கவுந்து கெடக்கு. எப்படின்னு யோசிச்சேன். ஆள் வச்சிருக்கான். ஒத்தைக் கையோட ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, இங்க ஆள் வச்சுச் செய்யிறான்னா அவன் எம்மாம் பெரிய எமகாதகன்.

தைலம்மா அப்பத்தான் மாறுனா. ஒரு மழை நாள் எனக்குத் தெரியாம எனக்குப் பின்னாடியே காட்டுக்கு வந்திருக்கா. நான் சுத்து முடிச்சுட்டு லயத்துக்கு வந்தா, வாசல்ல ஈரச்சேலையோட உக்காந்திருக்கா. 'உங்க கையைக் காட்டுங்க'ன்னா. காட்டுனேன். ரெண்டு கையும் ஈரம், சருகு ஒட்டியிருக்கு. மழையில போனவன் கை வேற எப்படி இருக்கும்? என் ரெண்டு கையையும் பிடிச்சு அவ கண்ணுல ஒத்திக்கிட்டு அப்படி அழுதா. தம்பி கையை நினைச்சு அழுகுறான்னு விட்டுட்டேன். என்ன பாத்தே, கள்ளனைப் பாத்தியா, சொல்லுடின்னு கேட்டேன். 'உங்ககிட்ட சொன்னா நீங்க உசுரோட இருக்கமாட்டீங்க'ன்னா. நான் எதுக்குச் சாகப்போறேன்? அந்தக் கள்ளன் என்னை விடப் பலசாலின்னு நினைக்கிறா போல.

அன்னையில இருந்து, மழை வந்தா என்னை வீட்டுக்குள்ள வச்சு வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டு, குடையை எடுத்துக்கிட்டு அவ காவலுக்குப் போவா. அந்தக் காட்டுல அப்ப குஞ்சோட மிஞ்சினது ஒரே ஒரு சிரட்டை. அதுக்குப் பக்கத்துலயே குடையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. நான் கதவை ஒடச்சிருப்பேன். ஒடைக்கல. பொம்பளை ஆசைப்பட்டுச் செய்யிறா, செய்யட்டும்னு விட்டேன். அதுல ஒரு ஆச்சரியம் பாருங்க, அவ காவல் நின்ன நாள்ல கள்ளன் வரல. ஒரு நாள் கூட வரல. பொம்பளைன்னா அவனுக்கும் ஒரு மரியாதை இருக்கு போலருக்கு.

அந்தச் சிரட்டைதான் உங்க மடியில இருக்குறது. போர்ட் பிளேருக்குப் போயிருந்த மேடத்துக்குப் போன் பண்ணி என்னமோ பேசினா. நான் உள்ள போனதும் வச்சுட்டா. அப்புறம் வளையத்துல இருந்து சிரட்டையை அப்படியே எடுத்துத் துணியைக் கட்டி, கப்பல் ஏறுற வரைக்கும் என்னைக் கிட்டவே விடல. நானும் வர்றேன்னேன். தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்குறதா இருந்தா வாங்கன்னா. நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? அவன்தான் கேக்கணும். இத்தனை தவளையைக் கொன்னது அவன். சரி, கேக்குறேன்னு சொல்லிட்டு ஏறிட்டேன்.

இப்பச் சொல்லுங்க. இந்தத் தவளைக்காகப் பல்லை உடைச்சவன் நான். மச்சினன்னு பாக்காமக் கையை நசுக்குனவன் நான். என்னை விட இது மேல யாருக்கு அக்கறை? என்கிட்ட குடுக்காம உங்ககிட்ட குடுத்துட்டுப் போயிட்டா. கொஞ்சமாவது நெஞ்சு வலிக்காதா? அழுகை வருது தம்பி, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன.

அடே, தூறல் போடுதே. பாத்தீங்களா, பேசிக்கிட்டே வானத்தைப் பாக்கல. தெக்க நல்லாக் கருத்திருக்கு. துணி தளந்திருக்கே, அதைக் கட்டணும். உங்களுக்கு அந்த முடிச்சுப் போடத் தெரியாது, இருங்க, நான் கட்டித் தர்றேன். பயப்படாதீங்க, வாங்க மாட்டேன். உங்க மடியிலயே இருக்கட்டும். பொண்டாட்டி சொன்ன சொல்லு உங்களுக்கும் வேணும், எனக்கும் வேணும். துணியை மட்டும் குடுங்க.

வடமலை மாட்டுன அன்னைக்கும் இப்படித்தான் தூறலா ஆரம்பிச்சுச்சு. எனக்கு ஒண்ணு தம்பி, மழை விழுந்தா மனசு ஒரு மாதிரி அடங்கிப்போகும். ஒரு சுத்து போய்ட்டு வந்தாத்தான் அந்த நிம்மதி. செய்ய வேண்டிய வேலையைச் செஞ்சு முடிச்ச மாதிரி, இனிமே யாரும் என்னைக் கூப்பிட்டு ஒண்ணும் கேக்கமுடியாதுங்கிற மாதிரி. எங்கப்பா பக்கத்துல வந்து நின்னு சரிடான்னு சொன்ன மாதிரி. அது ஏன்னு எனக்கே தெரியாது. இப்பக்கூடப் பாருங்க, நெஞ்சுல இருந்த பாரம் எல்லாம் இறங்கி, நல்லா…

ஏன் கத்துறீங்க?

என்ன? என்னாச்சு?

ஐயோ. ஐயோ தம்பி, என்ன பண்ணிட்டீங்க. கவுந்து கெடக்கே. சிரட்டை கவுந்து கெடக்கே உங்க மடியில. தண்ணி எல்லாம் போச்சே. குஞ்சு எங்க? துண்டுல பாருங்க, துண்டுல பாருங்க. இரும்புல விழுந்து ஓடுதே, கடல்ல போகுதே. மிதிக்காதீங்க, காலை எடுங்க.

ஒண்ணு கூட இல்ல.

நானா? என்ன சொல்றீங்க நீங்க? நான் முடிச்சுப் போட வந்தவன். துணி இந்தா என் கையில இருக்கு பாருங்க. ஈரமாத்தான் இருக்கு. மழை பேயுதுல்ல, மழையில கை நனையாதா? நான் இங்கேயே உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். வளையத்துல சாச்ச மாதிரி, எவ்வளவு சுத்தமாக் கவுத்திருக்கீங்க. யாரு சொல்லிக்குடுத்தா உங்களுக்கு? வடமலையா? அவன் வச்ச ஆளு நீங்கதானா? அதான் வழியில ஏறுனீங்களா?

தைலம்மா படி ஏறி வர்றா பாருங்க. இவ்வளவு நாள் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ. அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

எந்திரிக்காதீங்க. உக்காருங்க. நான் கோவக்காரன் இல்ல. நிதானமாத்தான் கேக்குறேன். யாரு கவுத்தது?

சரி. கையை நீட்டுங்க தம்பி. அப்படி இல்ல, இந்தப் பக்கமா. கதவை நான் பிடிச்சிருக்கேன்.